சமையற்காரியின் பிள்ளையும் பல்கலைக்கழக வாயிலும்

கண்டி மாநகரின் தென்கிழக்கே மலைமேல் மலையாக அடுக்கி எழுந்து நிற்கும் நாடு ஹேவாஹெட்டை. அம்மலைகளின் ஒரு சரிவிலே லூல்கந்துரத் தோட்டம் இருக்கின்றது. ஸ்கொத்லாந்திலிருந்து 1852ஆம் ஆண்டிலே, பதினேழு வயதும் நிரம்பாத இளைஞனாய் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867ஆம் ஆண்டில் அத்தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தைத் திருத்தித் தேயிலை நட்டார். இலங்கையிலே வாணிபத்துக்கென்று தேயிலை பயிரிடப்பட்டது அங்கேதான் தொடங்கியது. தம் பங்களாவின் விறாந்தையையே அவர் தொழிற்சாலையாகக் கொண்டு கொழுந்தைக் கையால் உருட்டிப் பதப்படுத்தினார் என்பது தேயிலையின் வரலாற்றைக் கற்றோர் அறிந்த செய்தி. அந்நிலத்தைத் திருத்திய கைகள் எவருடையவை? மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மலையேறி வந்த தமிழ்நாட்டு ஏழை மக்களின் கைகள் அவை. டெய்லர் 1892இல் இறந்தபோது அவரது உடலைக் கண்டிவரை தோளிலே சுமந்து சென்றோரும் அத்தொழிலாளரே.

அதே ஹேவாஹெட்டையிலிருந்து பேராதனைக்கு உள்ள வழி, மலைப்பாதையின் வளைவு நெளிவுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டாலும், 30 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும். 1942இல் கொழும்பிலே தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டிலே மகாவலி கங்கையின் கரையிலுள்ள பேராதனைக்குப் பெயர்ந்தது. அதன் அழகைப் புகழாதார் இல்லை. ஆனால், லூல்கந்துரவிலே பிரட்டுக்களத்தில் விடியற்காலை வரிசையில் நின்ற ஒரு தாயின் பிள்ளைக்கு அப்பல்கலைக்கழகம் எவ்வளவு தூரத்தில் இருந்தது? கிலோமீட்டர்க் கணக்கு இங்கே பயன்படாது.

பல்கலைக்கழகத்தின் வாயில் எவருக்குத் திறக்கும், எவருக்கு மூடும் என்ற இவ்வினாவைச் சுற்றியே ஒரு பெருநாட்டின் உயர்கல்வி வரலாறு முழுவதும் சுழன்றிருக்கின்றது. அந்நாடு ருஷ்யா. அந்நாட்டின் பேராசிரியர்களும் மாணாக்கரும் கண்டி மலைகளோடு கொண்டிருந்த தொடர்பும் சிறிதன்று. ஆதலின் அவ்வரலாற்றை இம்மலைகளிலிருந்து நோக்குவது பொருத்தமுடையது.

வடகடலாகிய வெண்கடலின் கரையோரத்திலே, கொல்மகோரி என்னும் ஊருக்கு அருகில், 1711ஆம் ஆண்டில் ஒரு மீனவரின் மகனாகப் பிறந்தவர் மிகயீல் லொமொனோசொவ். கிடைத்த நூல்களையெல்லாம் படித்து முடித்த அவ்விளைஞர், 1730ஆம் ஆண்டின் கடுங்குளிரிலே, மாஸ்கோவுக்கு மீன் ஏற்றிச் சென்ற வண்டிகளோடு சேர்ந்து புறப்பட்டார். மாஸ்கோவிலிருந்த கல்விக்கழகம் உழவர் குடிப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. எனவே தாம் ஒரு பிரபுவின் மகன் என்று பொய் கூறி உள்ளே நுழைந்தார். பின்னர் அவர் பௌதிகம், இரசாயனம், இலக்கணம், கவிதை ஆகிய துறைகள் அனைத்திலும் தலைசிறந்து விளங்கினார். ருஷ்ய அறிவியலின் தந்தை என்று இன்று போற்றப்படும் ஒருவர், கல்விக்கூடத்தின் முதல் வாயிலைப் பொய் சொல்லியே தாண்ட நேர்ந்தது என்பதை மறத்தலாகாது.

அந்த லொமொனோசொவும் இவான் ஷுவாலொவ் என்னும் பிரபுவும் தீட்டிய திட்டத்தின்படியே, 1755ஆம் ஆண்டில் எலிசபெத் பேரரசியின் ஆணையால் மாஸ்கோப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தத்துவம், சட்டம், மருத்துவம் என மூன்று பீடங்கள் அதில் இருந்தன. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களிலே தலைமை பெற்றிருந்த சமயப்பீடம் அங்கே இல்லை. இது அக்காலத்துக்கு ஒரு புதுமையே. பல்கலைக்கழகத்தோடு இணைந்து இரு பள்ளிகளும் எழுந்தன: ஒன்று பிரபுக்களின் பிள்ளைகளுக்கு, மற்றொன்று பிரபுக்களல்லாதார் பிள்ளைகளுக்கு. நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையடிமைகளின் பிள்ளைகளுக்கோ இரண்டிலும் இடமில்லை. உடையவன் விடுதலைச் சீட்டுக் கொடுத்தாலன்றி அவர்கள் உள்ளே வர இயலாது. ருஷ்ய மக்களுட் பெரும்பாலோர் அக்காலத்தில் உழவர் என்பதையும், அவ்வுழவருள் மிகப் பலர் அடிமைகள் என்பதையும் நினைவிற் கொண்டால், வாயில் எவ்வளவு ஒடுக்கமானது என்பது விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கசான், கார்க்கொவ் முதலிய நகரங்களிலும், 1819இல் தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. கசான் ஐரோப்பாவின் கீழ்க்கோடியிலே, வொல்கா நதிக்கரையில் உள்ள நகரம். அத்தொலைவிடத்திலிருந்துதான் நிக்கொலாய் லொபச்செவ்ஸ்கி, இரண்டாயிரம் ஆண்டுகளாக அசைக்கலாகாது என்று எண்ணப்பட்ட யூக்ளிட்டின் கேத்திர கணிதத்துக்கு மாறான ஒரு புதிய கேத்திர கணிதத்தை வெளியிட்டார். 1827 முதல் 1846 வரை அப்பல்கலைக்கழகத்தின் தலைவராய் இருந்து, நூலகத்தையும் வான்காட்சிக் கூடத்தையும் தம் கையாலேயே வளர்த்தவரும் அவரே. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. 1863இல் வந்த சட்டம் பேராசிரியர்களுக்குத் தம் தலைவரைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையை அளித்தது. ருஷ்யப் பல்கலைக்கழகங்களின் பொற்காலம் அதுவெனலாம். மெண்டலேயெவ் தனிமங்களின் அட்டவணையை வகுத்ததும் அக்காலத்திலேதான். ஆனால் 1884இல் வந்த வேறொரு சட்டம் அவ்வுரிமையைப் பறித்துக்கொண்டது. நியமனங்களெல்லாம் அமைச்சரின் கைக்கு மீண்டன.

அந்த அமைச்சரின் பெயர் இவான் தெல்யானொவ். 1887ஆம் ஆண்டிலே அவர் விடுத்த ஒரு சுற்றறிக்கை, ருஷ்யக் கல்வி வரலாற்றில் அழியாத கறையாய் நிலைத்துவிட்டது. வண்டிக்காரர், ஏவலாளர், சமையற்காரர், சலவைத் தொழில் செய்யும் பெண்டிர், சிறுகடைக்காரர் ஆகியோரின் பிள்ளைகளை, தனிச் சிறப்பான ஆற்றல் உடையவரை நீக்கி, உயர்தரப் பள்ளிகளிலே சேர்க்கலாகாது என்பது அதன் சாரம். இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்த அவ்வுயர்தரப் பள்ளியே பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் ஒரே வழி. பள்ளியை அடைத்தால் பல்கலைக்கழகமும் தானே அடைபடும் அன்றோ? மக்கள் அதற்குச் ‘சமையற்காரியின் பிள்ளைகள் பற்றிய சுற்றறிக்கை’ என்று பெயரிட்டுவிட்டனர். அதே ஆண்டில் யூத மாணாக்கருக்கு இத்தனை விழுக்காட்டுக்கு மேல் இடமில்லை என்னும் வரம்பும் விதிக்கப்பட்டது. தலைநகரங்களிலே அது 3 விழுக்காடு மட்டுமே. பெண்களுக்கோ பல்கலைக்கழகம் பொதுவாக அடைபட்டே இருந்தது. கணித மேதையாகிய சோபியா கொவலெவ்ஸ்காயா தம் நாட்டில் கற்க வழியின்றி ஜெர்மனிக்குச் சென்று 1874இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பேராசிரியர் பதவியோ அவருக்கு ஸ்டொக்ஹோமிலேதான் கிடைத்தது. 1878இல் பீட்டர்ஸ்பர்க்கிலே பெண்களுக்கெனத் தொடங்கிய பெஸ்துஷெவ் வகுப்புகளே அவர்களுக்கு இருந்த பெரும் புகலிடம்.

1890ஆம் ஆண்டில் மாணாக்கர் எழுதிய ஒரு விண்ணப்பத்தை மெண்டலேயெவ் தம் கையாலேயே தெல்யானொவிடம் எடுத்துச் சென்றார். அமைச்சர் அதனை ஏற்காது திருப்பியனுப்பினார். உலகறிந்த அப்பேராசிரியர் பல்கலைக்கழகத்தை விட்டே விலகிவிட்டார்.

அதே 1890ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்திலே, ருஷ்ய மருத்துவர் ஒருவர் கொழும்பில் கப்பலிலிருந்து இறங்கிப் புகையிரதத்திலேறிக் கண்டிக்கு வந்தார். மாஸ்கோப் பல்கலைக்கழகத்திலே 1884இல் மருத்துவம் கற்றுத் தேறியவர் அவர். மருத்துவத்தினும் எழுத்தினாலேயே பெரும்புகழ் எய்தினார். அவர்தாம் அந்தோன் செகாவ். கீழ்த்திசைச் சைபீரியாவுக்கு அப்பால் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த சகாலின் தீவைப் பார்த்துவிட்டுத் தாயகம் திரும்பும் வழியிலே இலங்கைக்கு வந்த அவர், இத்தீவைச் சொர்க்கம் என்று கடிதத்தில் எழுதினார். இங்கிருந்து கீரிப்பிள்ளை வாங்கிச் சென்று வீட்டிலே வளர்த்து, அது செய்த குறும்புகளால் அல்லற்பட்டதும் உண்டு. அவரது பாட்டனார் ஒரு பண்ணையடிமை. 1841இலே பொருள் கொடுத்துத் தம் குடும்பத்துக்கு விடுதலை வாங்கியவர். தந்தையார் ஒரு சிறுகடை நடத்தி நொடித்துப் போனவர். செகாவ் 1879இலேயே பல்கலைக்கழகத்தை அடைந்துவிட்டார். அவர் சில ஆண்டுகள் பிந்திப் பிறந்திருப்பின், சிறுகடைக்காரரின் பிள்ளை என்ற காரணத்தால், தெல்யானொவின் சுற்றறிக்கை அவரைப் பள்ளி வாயிலிலேயே நிறுத்தியிருக்கக் கூடும். உலகம் ஒரு பெரும் எழுத்தாளரை இழந்திருக்குமோ என்று கூற இயலாது. ஒரு மருத்துவரை இழந்திருக்கும் என்பது உறுதி.

செகாவுக்கு முன்னரும் பின்னரும் ருஷ்யக் கல்விமான்கள் இங்கு வந்துள்ளனர். பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் இவான் மினாயெவ், பாளி மொழியிலே இலக்கணம் இயற்றியவர். 1874-75ஆம் ஆண்டுப் பயணத்திலே இலங்கைக்கு வந்து பௌத்த ஏடுகளை ஆராய்ந்து, 1878இல் இலங்கையையும் இந்தியாவையும் பற்றி நூல் வெளியிட்டார். பௌத்த தத்துவத்தை மேலைநாட்டார்க்கு விளக்கிப் புகழ்பெற்ற ஷெர்பாட்ஸ்கி அவரது மாணாக்கர் வழியில் வந்தவரே.

மினாயெவ் ஏடு தேடி வந்தார். கார்க்கொவ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அந்திரேய் கிரஸ்னொவோ தேயிலையைத் தேடி வந்தார். கார்க்கொவ் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. ருஷ்யர் தேநீரை உயிர்போல் போற்றுவோர். ஆயினும் அதற்குரிய இலையைச் சீனத்திலிருந்து பெரும்பொருள் கொடுத்துத் தருவித்தனர். கருங்கடலின் கீழ்க்கரையிலே, ஜோர்ஜியாவின் பத்தூமி நகரையடுத்த மழை மிகுந்த சரிவுகளில், தேயிலையைப் பயிராக்கலாம் என்று இரசாயனப் பேராசிரியர் புத்லேரொவும் காலநிலை ஆராய்ச்சியாளர் வொயெய்க்கொவும் முன்னரே வற்புறுத்தியிருந்தனர். அதனைச் செய்து காட்டுதற் பொருட்டு, 1895ஆம் ஆண்டிலே கிரஸ்னொவும் கிளிங்கென் என்னும் வேளாண் அறிஞரும் இந்தியா, இலங்கை, சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளின் தேயிலைப் பிரதேசங்களைச் சுற்றிப்பார்த்தனர். மண், மழை, சரிவு, கவ்வாத்து, காம்பராவில் இலை வாட்டும் முறை என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு சென்றனர். அவர்கள் கொணர்ந்த விதைகளும் கன்றுகளும் பத்தூமிக்கு அண்மையிலுள்ள சக்வாவிலே நடப்பட்டன. டெய்லர் நட்ட தேயிலை முப்பது ஆண்டுகளுக்குள் பல்கலைக்கழகப் பேராசிரியர்களே தேடிவந்து கற்கும் பொருளாகிவிட்டது. கிரஸ்னொவ் பின்னாளில் 1912இல் பத்தூமியிலே அமைத்த பூங்கா இன்றும் புகழ்பெற்று விளங்குகின்றது.

பேராசிரியர்கள் ஆராய்ந்த அத்தேயிலையைப் பறித்தோரின் பிள்ளைகள் என்ன கற்றனர்? பெரும்பாலும் ஒன்றும் கற்கவில்லை. 1920ஆம் ஆண்டிலே வந்த கல்விச் சட்டமே தோட்டத்துரைமார் தத்தம் தோட்டங்களில் ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன்னர் வேலைக்கு வைக்கலாகாது என்பதும் அச்சட்டத்தின் விதி. பத்து மணிக்குப் பின் வைக்கலாம் என்பது அதன் மறுபக்கம்! லயத்துக்கு அண்மையில் ஒரு தகரக் கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் ஒரே கூரையின்கீழ். தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் இதுவே. தெல்யானொவைப்போல் எவரும் இங்கே சுற்றறிக்கை விடுக்கவில்லை. விடுக்க வேண்டிய தேவை எழவுமில்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்குப் பள்ளியே இல்லாதபோது, பல்கலைக்கழக வாயிலுக்குக் காவல் எதற்கு?

ருஷ்யாவிலே 1917ஆம் ஆண்டின் புரட்சி, பழைய வாயிலை ஒரே அடியில் தகர்த்தது. 1918 ஆகஸ்ட் மாதத்து ஆணையின்படி, 16 வயது நிரம்பிய எவரும், சான்றிதழ் இன்றியும் கட்டணம் இன்றியும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேரலாம். 1897ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி எழுத்தறிந்தோர் ஐவருள் ஒருவரே என்றிருந்த நாட்டில் எடுக்கப்பட்ட முடிவு இது. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. வந்து சேர்ந்த பலருக்குப் பின்னக் கணக்குக்கூடத் தெரியாது. உயர்கணித வகுப்பில் உட்கார்ந்து அவர் என்ன செய்வார்? திறந்த வாயிலின் உள்ளே படிகள் இல்லாதிருந்தன.

அப்படிகளைக் கட்டுவதற்கென்றே 1919இல் மாஸ்கோவிலே முதலாவது தொழிலாளர் பீடம் தொடங்கப்பட்டது. ருஷ்ய மொழியில் அதனை ‘ரப்பாக்’ என்பர். ஆலையிலும் வயலிலும் உழைத்த இளைஞர்க்கு மூன்று நான்கு ஆண்டுகளில் பள்ளிக்கல்வி முழுவதையும் புகட்டிப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்துவதே அதன் பணி. பகலில் வேலை செய்து மாலையில் கற்போருக்கும் தனி வகுப்புகள் இருந்தன. பெரிய நகரங்களெங்கும் பரவிய அப்பீடங்கள், 1940ஆம் ஆண்டளவில் மூடப்படும்வரை பல்லாயிரவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பின. சமையற்காரியின் பிள்ளை பொறியியலாளராயிற்று என்பது மேடைப்பேச்சு மட்டுமன்று, எத்தனையோ குடும்பங்களின் உண்மைக்கதை. சோவியத் கல்வியின் சாதனைகளுள் ரப்பாக்கையே முதலில் வைத்து எண்ண வேண்டும். 1953இல் மாஸ்கோவின் குன்றின்மீது எழுப்பிய வானளாவிய பல்கலைக்கழக மாளிகைகூட அதற்குப் பின்னரேதான்.

ஆயினும் இவ்வாயில் ஒருவர்க்குத் திறந்தபோது மற்றொருவர்க்கு மூடியது. வணிகர், பாதிரியார், பழைய அதிகாரிகள் ஆகியோரின் பிள்ளைகள் தம் பிறப்பினாலேயே விலக்கப்பட்டனர். லொமொனோசொவ் பிரபுவின் மகன் என்று பொய் சொன்னார். இவர்களோ தொழிலாளியின் மக்கள் என்று பொய் சொல்ல வேண்டியவராயினர். பிறப்பைக்கொண்டு சேர்க்கும் அவ்விதி 1935இன் இறுதியிலேதான் நீங்கியது. 1940 முதல் 1956 வரை உயர்கல்விக்குக் கட்டணமும் வாங்கப்பட்டது. 1922இல் தத்துவப் பேராசிரியர் பலர் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டனர். தாவரவியல் மேதை வவிலொவ் 1943இல் சிறையிலே இறந்தார். 1948க்குப் பின்னர்ப் பல ஆண்டுகள் பாரம்பரிய அறிவியலைப் பல்கலைக்கழகங்களிலே கற்பிக்கவும் இயலாதிருந்தது.

தமிழோடு தொடர்புடைய ஒருவரும் அக்கொடுமைக்கு இரையானார். பீட்டர்ஸ்பர்க் மானிடவியல் அரும்பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்த அலெக்சாந்தர் மெர்வர்த்தும், பெஸ்துஷெவ் வகுப்புகளிலே கற்ற அவர் துணைவியார் லுத்மீலாவும் 1914ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர். முதல் உலகப்போர் மூண்ட காலம் அது. இலங்கையிலும் இந்தியாவிலுமாக 1918வரை தங்கி, தமிழும் சிங்களமும் பயின்று, அரும்பொருள்கள் பலவற்றைத் திரட்டித் திரும்பினர். மெர்வர்த் லெனின்கிராட்டில் தமிழ் கற்பித்தார். பேச்சுத் தமிழுக்கு அவர் ருஷ்ய மொழியில் எழுதிய இலக்கணம் 1929இல் அச்சேறியது. மறுவாண்டே அறிஞர் பலர்மீது சுமத்தப்பட்ட அரசியல் வழக்கில் அவரும் கைதானார். 1932இல் வடபுலத்துக் கைதிகள் முகாமிலே உயிர் துறந்தார்.

இனி, மலைநாட்டுக்குத் திரும்புவோம். 1945ஆம் ஆண்டிலே இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்பது ஆசியாவிலேயே அரிய செயல். தோட்டத்துரையின் பொறுப்பிலிருந்த பாடசாலைகளின் தரமோ அதனால் உயரவில்லை. 1948இல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949இன் சட்டத்தின்படி எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தனர். பெற்றவர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. 1952இல் பேராதனையிலே பல்கலைக்கழகம் எழுந்தபோது ஹேவாஹெட்டைத் தோட்டங்களின் பிள்ளைகள் இருந்த நிலை இது.

1957இல் இலங்கையும் சோவியத் யூனியனும் தூதுவர்களைப் பரிமாறிக்கொள்ள இணங்கின. சோவியத் அரசின் புலமைப்பரிசில்கள் இலங்கையர்க்குக் கிட்டலாயின. 1960ஆம் ஆண்டு பெப்ரவரியில் மாஸ்கோவிலே ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாட்டு மாணாக்கர்க்கென்றே மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மறுவாண்டு கொலையுண்ட கொங்கோ நாட்டுத் தலைவர் பற்றிஸ் லுமும்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. முதலாண்டில் ருஷ்ய மொழி, பின்னர் மருத்துவம், பொறியியல், வேளாண்மை முதலிய துறைகள். கல்வி, உறைவிடம், உதவிப்பணம் யாவும் இலவசம். தொடக்கத்தில் மாணாக்கர் தம் அரசின் பரிந்துரையின்றித் தாமே நேரில் விண்ணப்பிக்கவும் முடிந்தது. ரப்பாக்கின் சாயலை இதன் ஆயத்த வகுப்பிலே காணலாம். படியையும் கட்டி, வாயிலையும் திறப்பது என்னும் கொள்கை அது. சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களுமாக இலங்கை இளைஞர் பலர் அவ்வழியே மருத்துவராயும் பொறியியலாளராயும் திரும்பினர். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது கிடைத்தற்கரிய பேறு.

எல்லாம் இனிமையாகவே நடந்தன எனல் ஆகாது. 1963ஆம் ஆண்டு டிசம்பரில், கானா நாட்டு மாணாக்கர் ஒருவரின் இறப்பை முன்னிட்டு ஆபிரிக்க மாணாக்கர் செஞ்சதுக்கத்திலே திரண்டு, தமக்கு நேரும் நிறவேற்றுமைக் கொடுமையைக் கண்டித்தனர். லுமும்பாவிலே மருத்துவம் கற்கச் சென்ற றோகண விஜேவீர, 1964இல் நாடு திரும்பியபின் மீண்டும் செல்ல அனுமதி மறுக்கப்பட்டார். அவர் 1965இல் தொடங்கிய இயக்கமே 1971இன் ஆயுதக் கிளர்ச்சியை நடத்தியது. பல்கலைக்கழகங்கள் தாம் எண்ணிய விளைச்சலையே எப்போதும் அறுவடை செய்வதில்லை.

ஹேவாஹெட்டை லயத்துப் பிள்ளைக்கு இவ்வாயிலாவது திறந்ததா? குடியுரிமை இல்லாதவருக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாதவர் கப்பலேற வழியில்லை. பேராதனை அடைபட்டது ஏழைமையால், ஐந்தாம் வகுப்போடு நின்ற பள்ளியால். மாஸ்கோவோ ஒரு சிறு புத்தகம் கையில் இல்லாமையால் அடைபட்டது. குடியுரிமை பெற்ற சிறுதொகையினரின் பிள்ளைகளுக்கும், நகரத்தில் உறவினர் வீட்டிலே தங்கிப் பெரிய பள்ளியில் கற்கும் வாய்ப்புப் பெற்றோருக்குமே இவ்விரு வாயில்களும் நினைக்கத்தக்கனவாய் இருந்தன.

வியப்பு யாதெனின், அதே ஆண்டுகளில் ருஷ்யப் பல்கலைக்கழகங்களிலே தமிழ் மீண்டும் தழைத்தது. லெனின்கிராட்டிலே தமிழ் கற்பித்த செம்யோன் ருதின், தமிழின்மீது கொண்ட காதலால் ‘செம்பியன்’ எனத் தமக்குத் தமிழ்ப்பெயர் சூட்டிக்கொண்டார். மாஸ்கோவில் மிகயீல் அந்திரோனொவ் தமிழிலக்கணத்தை ஆராய்ந்தார். அவர்பால் பயின்ற அலெக்சாந்தர் துபியான்ஸ்கி பன்னெடுங்காலம் மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்து, 2020ஆம் ஆண்டிலே பெருந்தொற்றுக்கு இரையாகி மறைந்தார். பனி பொழியும் நெவா நதிக்கரையிலே ஒரு ருஷ்ய இளைஞர் தமிழ்ச் செய்யுளைப் பதம் பிரித்துக்கொண்டிருந்த வேளையில், லூல்கந்துரவிலே தமிழைத் தாய்ப்பாலோடு அருந்திய பிள்ளை, எழுத்துக் கூட்டப் பழகுமுன் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் பங்கீடு 1974இல் முடிவாயிற்று. மலைநாட்டுப் புகையிரத நிலையங்கள் கண்ணீர் விடைகளைக் கண்டன. அக்கா இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. தோட்டப் பாடசாலைகளையும் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் முழுமை பெற்றது. ருஷ்யாவில் தெல்யானொவின் சுற்றறிக்கைக்கும் தொழிலாளர் பீடத்துக்கும் இடைப்பட்ட காலம் 32 ஆண்டுகள். இங்கே 1948க்கும் 2003க்கும் இடையே 55 ஆண்டுகள் சென்றன.

சோவியத் யூனியன் 1991இல் கலைந்தபின் ருஷ்யப் பல்கலைக்கழகங்களிலே கட்டணம் செலுத்திக் கற்கும் முறை பெருகியது. 2009 முதல் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே தேர்வின் புள்ளிகளைக் கொண்டே மாணாக்கர் சேர்க்கப்படலாயினர். லுமும்பாவின் பெயர் 1992இல் நீக்கப்பட்டு 2023இலே மீண்டும் சூட்டப்பட்டது. இலங்கை மாணாக்கர் ருஷ்யாவுக்கு இன்றும் மருத்துவம் கற்கச் செல்கின்றனர். ஆயினும் அவருட் பலர் பெற்றோரின் பொருளைக் கொண்டே செல்கின்றனர்.

இலங்கையிலோ 1970களில் தொடங்கிய மாவட்ட ஒதுக்கீட்டு முறை பல்வேறு மாற்றங்களோடு நிலைத்துள்ளது. பல்கலைக்கழக இடங்களில் ஒரு பகுதி திறமைக்கும், பெரும்பகுதி மாவட்டங்களின் மக்கள் தொகைக்கும், ஒரு சிறுபகுதி பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. நுவரெலியா அப்பட்டியலில் உண்டு, கண்டி இல்லை. ஹேவாஹெட்டை நாடோ இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றது. பாதஹேவாஹெட்டைப் பிரதேசம் கண்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. உடஹேவாஹெட்டை அங்குரான்கெத்தைப் பக்கமாக நுவரெலியா மாவட்டத்துள் அடங்கும். இருபுறத்திலும் அதே தேயிலை, அதே லயம், அதே மழை. மலைமுகட்டின் ஒருபுறத்துப் பிள்ளை பின்தங்கிய மாவட்டத்தின் பிள்ளையாகத் தேர்வு எழுதுகின்றது. மறுபுறத்துப் பிள்ளை, கண்டி நகரத்துப் பெரும்பள்ளிகளின் மாணாக்கரோடு ஒரே பட்டியலில் நின்று எழுதுகின்றது.